நட்டவரும் நீர் பாய்ச்சியவரும்: இட்டென் மலைப் பள்ளியின் கதை



இவ்வாரத் தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 3:5-9

சென்ற மாதம் ஆராதனையின் முடிவில் ஓர் அறிவிப்புச் செய்தேன். ஓய்வுநாள் பாடசாலையில் இரண்டு வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை, பாரமுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பின் உங்களில் சிலர் என்னைத் தனியே வந்து சந்தித்தீர்கள். நீங்கள் சொன்ன பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, "எனக்கு வேத அறிவு அவ்வளவு இல்லை, ஐயா. தெரியாத ஒன்றை நான் எப்படிக் கற்றுக்கொடுப்பேன்?" என்பது. மற்றொன்று, "ஒரு வருடம் வேண்டுமானால் பார்க்கிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க இயலாது" என்பது. இவ்விரு பதில்களையும் நான் குறையாக எண்ணவில்லை. ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட நாட்களில் நானும் கர்த்தரிடத்தில் இவற்றையே சொன்னவன். ஆயினும் அந்த இரண்டு வகுப்புகளும் இன்றுவரை ஆசிரியரில்லாமலே இருக்கின்றன. ஆகவே இவ்வாரம் வேத விளக்கத்திற்கு முன்பாக ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

ஆப்பிரிக்காவின் கிழக்கே கென்யா என்னும் நாடு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில், மாபெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இட்டென் என்ற சிற்றூர் அமைந்துள்ளது. நம் உதகமண்டலத்தையும்விடச் சற்று உயரமான இடம். ஊரின் எல்லையில் நின்று பார்த்தால் கெரியோ பள்ளத்தாக்கு கீழே வெகு ஆழத்தில் விரிந்து கிடக்கும். சுற்றிலும் செம்மண் பாதைகளும் விளைநிலங்களும் உண்டு. கலெஞ்சின் இன மக்கள் அங்கே வாழ்கிறார்கள். அவ்வூருக்குள் நுழையும் சாலையில் இது வெற்றிவீரர்களின் இல்லம் என்று அறிவிக்கும் வளைவு ஒன்று நிற்கிறது. அந்தப் பெயரை அவ்வூருக்குத் தேடித்தந்தவற்றுள் முதன்மையானது ஒரு கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி. புனித பேட்ரிக் உயர்நிலைப்பள்ளி என்பது அதன் பெயர். ஆண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளி அது. கென்யா விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1961இல், அயர்லாந்து நாட்டின் பேட்ரீசியன் சகோதரர்கள் அதை நிறுவினார்கள்.

இந்தப் பேட்ரீசியன் சகோதரர்கள் யார் என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதற்கும் பாடம் கற்பிப்பதற்கும் சட்டம் தடைவிதித்திருந்தது. அதனால் எழுத்தறிவும் வேத அறிவும் இல்லாத தலைமுறைகள் அங்கே வளர்ந்தன. சட்டம் தளர்ந்த நாட்களில் டேனியல் டிலேனி என்னும் ஆயர் டல்லோ என்ற சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் எளிய மக்களைக் கூட்டி, வாசிக்கவும் விசுவாசத்தின் அடிப்படைகளை அறிந்துகொள்ளவும் ஏற்பாடு செய்தார். அந்த ஞாயிறு வகுப்புகளில் கற்பித்துவந்த சாதாரண மனிதர்களுள் சிலரைக்கொண்டு 1808இல் அவர் ஏற்படுத்திய துறவற சபையே பேட்ரீசியன் சகோதரர் சபை. இவர்கள் குருக்கள் அல்லர். திருப்பலி நடத்துகிறவர்களும் அல்லர். கற்பிப்பதே இவர்களுடைய ஊழியம். அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களிலிருந்து பிறந்த ஒரு சபை இது.

இவர்கள் நமக்கும் அந்நியர் அல்லர். 1875இல் இவர்கள் கடல் கடந்து சென்னைக்கு வந்தார்கள். அடையாற்றில் இருக்கும் புனித பேட்ரிக் பள்ளியின் வாயிலை உங்களில் பலர் பேருந்தில் கடந்திருப்பீர்கள். அதே சகோதரர்களின் ஊழியத்தில் வளர்ந்த பள்ளிதான் அது. அங்கிருந்து எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே சபையைச் சேர்ந்தவர்கள் இட்டென் மலையில் மற்றொரு பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

1976இல் அந்தப் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்க ஓர் இளம் சகோதரர் அயர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார். கொலம் ஓகானல் என்பது அவர் பெயர். வயது 28. சில ஆண்டுகள் பணிசெய்துவிட்டுத் தாயகம் திரும்புவதே அவருடைய எண்ணம். அக்காலத்தில் அப்பள்ளியில் பீட்டர் ஃபாஸ்டர் என்னும் ஆங்கிலேய இளைஞர் கற்பித்துவந்தார். மாணவர்களுக்குத் தடகளப் பயிற்சி அளித்துவந்தவரும் அவரே. அவருடைய சகோதரர் பிரெண்டன் ஃபாஸ்டர் புகழ்பெற்ற ஓட்டவீரர். அந்த 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர். ஓட்டக்கலை அந்தக் குடும்பத்தின் சொத்து. புதிதாக வந்த சகோதரர் கொலம், பீட்டருக்கு மைதானத்தில் கைகொடுக்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் பீட்டர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். பயிற்சி முழுவதும் புவியியல் ஆசிரியரின் தோளில் விழுந்தது.

சகோதரர் கொலம் ஓட்டவீரர் அல்லர். தடகளப் பயிற்சிக்கென எந்தச் சான்றிதழும் அவரிடத்தில் இல்லை. தெரியாத ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்படி அவர் நிறுத்தப்பட்டார். அவர் செய்தது என்ன? மைதானத்தின் ஓரத்தில் நின்று பிள்ளைகளைக் கவனித்தார். ஒருவன் ஓடும்போது தோள் எப்படி இறுகுகிறது, கால் எப்படித் தரையைத் தொடுகிறது, களைப்பு வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். மாணவர்களே தமக்கு ஆசிரியர்கள் என்று ஏற்றுக்கொண்டார். ஆய்வுக்கூடமும் நவீனக் கருவிகளும் இல்லாத இடத்தில் உற்றுநோக்குதல் ஒன்றே அவருடைய கருவி. இளம் உடல்களை அளவுக்கு மீறிய பயிற்சியால் வருத்தாமல், நிதானமாகவும் இலகுவாகவும் ஓடக் கற்பித்து, வேகம் தன் காலத்தில் வரும் என்று காத்திருப்பது அவருடைய முறையாயிற்று.

மலையின் மெல்லிய காற்றில் வளரும் உடல், குறைந்த பிராணவாயுவைக்கொண்டு அதிக வேலை செய்யப் பழகியிருக்கும் என்று அறிவியலார் விளக்குவார்கள். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதே அதற்குக் காரணம். சிறுவயது முதல் வயல் வேலையும் கால்நடைப் பயணமும் அப்பிள்ளைகளுக்கு உரம் ஊட்டியிருந்தன. இவை உண்மையே. ஆனால் அந்தக் காற்றும் அந்தப் பாதைகளும் அவ்வட்டாரம் முழுவதற்கும் பொதுவானவை. நல்ல மண் எங்கும் கிடந்தது. அதில் தொடர்ந்து உழைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

இனி, அவர் காத்திருந்த காலத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். அவர் வந்த 1976ஆம் ஆண்டில் கென்யா மான்ட்ரியால் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் நியூசிலாந்தின் ரக்பி அணி விளையாடியதை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் பல எடுத்த முடிவு அது. 1980இல் நடந்த மாஸ்கோ ஒலிம்பிக்கையும் கென்யா புறக்கணித்தது. ஆக, அவருடைய முதல் எட்டு ஆண்டுகளில் கென்ய வீரர் ஒருவர்கூட ஒலிம்பிக் களத்தில் கால்வைக்கவில்லை. மாணவர்கள் மலையில் ஓடினார்கள். பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டிகளில் ஓடினார்கள். படிப்பை முடித்து வெளியேறினார்கள். அடுத்த வகுப்பு வந்தது. உலகத்தின் கண்ணுக்கு அந்தப் பள்ளி இல்லாத ஒன்றாகவே இருந்தது. சில ஆண்டுகளில் திரும்புவதாக எண்ணி வந்தவருக்கு, திரும்பிச் செல்ல அதைவிடத் தக்க காரணம் வேறு என்ன வேண்டும்? அவர் திரும்பவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டில் பலன் வெளிப்படத் தொடங்கியது. அப்பள்ளியின் பழைய மாணவர் இப்ராஹிம் உசேன் 1987இல் நியூயார்க் மராத்தானை வென்றார். அந்த ஓட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. அடுத்த ஆண்டு பாஸ்டனில் தான்சானியாவின் ஜுமா இகாங்காவோடு இறுதிவரை தோளோடு தோள் நின்று ஓடி, 42 கிலோமீட்டருக்குப் பின் ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் வென்றார். பாஸ்டன் மராத்தானிலும் வெற்றிபெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. 1991, 1992 ஆண்டுகளில் மீண்டும் அங்கே வென்றார். பெயரைக் கேட்டவுடனே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். அந்தக் கிறிஸ்தவப் பள்ளியின் கதவு அவருக்கும் திறந்திருந்தது.

அதே 1988இல் சியோல் நகரில் ஒலிம்பிக் நடைபெற்றது. 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் பீட்டர் ரோனோ என்ற 21 வயது இளைஞர் நின்றார். அவரும் புனித பேட்ரிக் பள்ளியின் மாணவர். உலகப் புகழ்பெற்ற பிரிட்டன் வீரர்கள் அக்களத்தில் இருந்தார்கள். ரோனோவின் பெயரை வெற்றிவாய்ப்புள்ளோர் வரிசையில் சொன்னவர்கள் அரிது. அவர் முன்னிலைக்கு வந்து, கடைசிவரை அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல், 3 நிமிடம் 35.96 விநாடியில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் பார்சிலோனாவில் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் மூன்று பதக்கங்களையும் கென்யர்களே பெற்றார்கள். அதில் தங்கம் வென்ற மேத்யூ பிரிர் இதே பள்ளியில் படித்தவர்.

இப்பள்ளியில் ஓர் அழகான வழக்கம் உண்டு. உலக அளவில் வெற்றிபெற்ற பழைய மாணவர்களுக்காக வளாகத்தில் மரம் நடப்படுகிறது. அதனருகே அவர்களுடைய பெயர் பொறிக்கப்படுகிறது. வெற்றிக் கோப்பைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைப்பதை நாம் எங்கும் காண்கிறோம். கோப்பை மங்கும், மரமோ வளரும். பின்வரும் பிள்ளைகளுக்கு அது நிழல் தரும்.

அன்பானவர்களே, இந்த வரலாற்றில் இன்னொரு கதவும் திறந்தது. 1989இல் சகோதரர் கொலம் பெண்பிள்ளைகளுக்கும் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பள்ளி விடுமுறை நாட்களில், நாம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதைப்போல, பிள்ளைகளை ஒன்றுகூட்டி முகாம் நடத்தினார். அக்காலத்தில் அவ்வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் இளம் வயதிலேயே திருமணத்திற்கும் வீட்டுவேலைக்கும் அனுப்பப்படுவது வழக்கமாயிருந்தது. பெண் ஓடுவதை ஒரு தொழிலாக நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அம்முகாம்களில் பயின்ற லிடியா செரோமெய் 1991இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த உலக கிராஸ் கண்ட்ரி ஓட்டத்தில் இளையோர் பிரிவில் முதலிடம் பெற்றபோது அவருக்கு வயது 13. அவ்வாறே பயின்ற சாலி பார்சோசியோ 1997இல் ஏதென்ஸ் உலகத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்றார். உலகத் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற முதல் கென்யப் பெண் அவரே.

இப்பள்ளியின் மாணவர்களுள் ஓட்டத்திறமையில் ஒப்பற்றவர் வில்சன் கிப்கெட்டர். ஆனால் அவருடைய கதையில் இழப்புகளும் உண்டு. 1990இல் படிப்பதற்காக டென்மார்க் சென்றவர் அங்கேயே தங்கினார். 1995, 1997, 1999 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் 800 மீட்டரில் டென்மார்க்குக்காகத் தங்கம் வென்றார். பிரிட்டனின் செபாஸ்டியன் கோ 1981இல் நிறுவிய உலக சாதனையை 1997இல் சமன்செய்து, பின்னர் முறியடித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் 1 நிமிடம் 41.11 விநாடி என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். எனினும் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. 1996இல் அவர் தம் வலிமையின் உச்சத்தில் இருந்தார். ஆனால் டென்மார்க்கின் குடியுரிமை இன்னும் கிடைக்காததால் அட்லாண்டாவில் ஓட இயலவில்லை. 1998இல் மலேரியா அவரை வீழ்த்தியது. சிட்னியில் ஒரு விநாடியின் நூறில் ஆறு பங்கில் தங்கத்தைத் தவறவிட்டார். ஏதென்ஸில் வெண்கலத்தோடு நிறைவுசெய்தார். இட்டெனில் வளர்ந்த கால்கள் வேறொரு நாட்டின் கொடிக்காக ஓடின. அவர் மிகவும் விரும்பியிருக்கக்கூடிய ஒரே பதக்கமும் கைக்கு எட்டாமல் போயிற்று. ஆசிரியர் விதைப்பது எங்கே முளைக்கும், யாருக்குக் கனி தரும் என்பது ஆசிரியரின் கையில் இல்லை.

கிப்கெட்டரின் சாதனை 13 ஆண்டுகள் நிலைத்தது. அதை முறியடித்தவர் யார்? அதே ஊரில், அதே ஆசிரியரின் கையில் வளர்ந்த மற்றொரு மாணவர். டேவிட் ருடிஷா, மசாய் இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை டேனியல் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். டேவிட் 400 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த சிறுவனாக இருந்தபோது அவருடைய திறமையைக் கண்ட சகோதரர் கொலம், இட்டெனுக்கு அழைத்து, கிமுரோன் என்னும் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கச்செய்து, 800 மீட்டருக்குத் திருப்பினார். 2006இல் ருடிஷா உலக இளையோர் பட்டம் பெற்றார். ஆனால் 2009இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் அரையிறுதியிலேயே வெளியேறினார். ஓர் ஆண்டு கழித்து, அதே பெர்லின் நகரில், கிப்கெட்டரின் சாதனையை முறியடித்தார். தோற்ற ஊரிலேயே எழுந்துநின்றார்.

2012 ஆகஸ்ட் 9ஆம் நாள் இலண்டன் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. ருடிஷா தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடினார். முதல் சுற்றை 49.28 விநாடியில் முடித்தார். வேகத்தை நிர்ணயித்துக் கொடுக்க எவருமில்லாமல், எவருடைய நிழலிலும் ஒதுங்காமல் ஓடி, 1 நிமிடம் 40.91 விநாடியில் புதிய உலக சாதனையோடு முடித்தார். அந்த ஓட்டத்தில் என் மனதைத் தொட்டது வேறொன்று. அவருக்குப் பின்னால் ஓடிய அனைவரும் அந்நாளில் தங்கள் அளவைக் கடந்து ஓடினார்கள் என்றே சொல்லலாம். கடைசியாக, எட்டாவதாக வந்தவரின் நேரமே அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் பெற்றுத் தந்திருக்கும். ஒருவர் தயங்காமல் முன்னே ஓடியபோது பின்னே வந்த எழுவரும் உயர்த்தப்பட்டார்கள். எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் நமக்கு முன்னோடியாக ஓடியவரை நோக்கிக்கொண்டே ஓடும்படி நாம் அழைக்கப்படுவதன் பொருள் அன்று எனக்குப் புதிதாய் விளங்கியது.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் கதை இனிதாக முடியும். ஆனால் உங்கள் போதகனாக நான் உண்மையை மறைத்தவனாவேன். வெற்றி பெருகிய இடத்தில் பணமும் வந்தது. பணம் வந்த இடத்தில் ஆசையும் வந்தது. கென்ய ஓட்டவீரர்கள் பலர் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2016இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, விதிகளுக்கு இணங்காத நாடு என்று கென்யாவைச் சில மாதங்கள் அறிவித்துவைத்தது. அதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. உலகப் போட்டிகளில் இரண்டு வெண்கலம் வென்ற ஆக்னஸ் திரோப் என்னும் 25 வயது வீராங்கனை, 2021 அக்டோபரில் இட்டெனில் தம் வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் உலக சாதனை படைத்திருந்தார். அவருடைய கணவர்மேல் கொலை வழக்குத் தொடரப்பட்டது. இதற்கும் அந்தப் பள்ளிக்கும் தொடர்பில்லை. ஆயினும் அதே ஊர், அதே செம்மண் பாதைகள். பெண்பிள்ளைகள் ஓடலாம் என்று கதவைத் திறந்தால் மட்டும் போதாது, ஓடி வென்று வீடு திரும்பும் பெண் பாதுகாப்பாய் வாழவும் வேண்டும் என்பதை அந்த ஊர் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. அவருடைய நினைவாகச் சக வீராங்கனைகள் ஓர் அமைப்பை ஏற்படுத்தி, வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குத் துணைநிற்கிறார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது, அந்நகருக்கு அருகே இஸ்த்மியப் போட்டிகள் நடந்துவந்தன. வென்றவன் தலையில் சூட்டப்பட்டது பசுந்தழைகளால் ஆன ஒரு வளையம். சில நாட்களில் அது வாடிவிடும். அதற்காகவே அவர்கள் இவ்வளவு ஒடுக்கத்தோடு வாழ்கிறார்களே என்று முதல் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில் பவுல் வியக்கிறார். அழிவில்லாத கிரீடத்திற்காக ஓடுகிற நமக்கு எவ்வளவு அதிகக் கட்டுப்பாடு வேண்டும் என்று நினைவூட்டுகிறார். அவர் ஓட்டத்தைப் பழிக்கவில்லை. கிரீடத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டி, வாழ்க்கையைக் காட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதை இட்டென் நமக்கு உணர்த்துகிறது. நம் வீடுகளிலும் மதிப்பெண் என்ற கிரீடத்தை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டிவருகிறோம் அல்லவா? தேர்வு நெருங்கினால் நாம் முதலில் நிறுத்துவது ஓய்வுநாள் பாடசாலையைத்தான்.

இப்போது உங்கள் இரண்டு பதில்களுக்கு வருகிறேன்.

"எனக்குத் தெரியாதே" என்றீர்கள். மோசேயும் தனக்குப் பேச வராது என்றார். எரேமியாவும் தான் சிறுபிள்ளை என்றார். ஓடத் தெரியாத புவியியல் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளை உற்றுக் கவனித்தே கற்றுக்கொண்டார். வேத அறிவு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. அதற்குரிய பாடங்களை உங்களுக்குக் கற்பிப்பது என் கடமை. ஆனால் ஒரு பிள்ளையின் முகம் இந்த வாரம் ஏன் வாடியிருக்கிறது என்று கவனிக்கும் கண்ணை நான் உங்களுக்குக் கற்றுத்தர இயலாது. அது அன்பினால் வருவது. உங்களில் பலரிடத்தில் அது இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

"ஒரு வருடம் மட்டும்" என்றீர்கள். சில ஆண்டுகளுக்கென்று வந்தவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையில் தங்கினார். முதல் ஒலிம்பிக் தங்கத்திற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் நான்காம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ கிளம்பியிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார்கள். ஏனெனில் என்ன இழந்தோம் என்பதே எவருக்கும் தெரிந்திருக்காது. சபையிலும் அப்படித்தான். பாதியில் விடப்பட்ட ஊழியம் எதை இழந்தது என்பதை எந்த அறிக்கையும் காட்டாது.

1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தன்னை நட்டவன் என்கிறார். அப்பொல்லோவை நீர் பாய்ச்சியவன் என்கிறார். விளையச்செய்கிற தேவனுக்கே மகிமையைச் செலுத்துகிறார். பீட்டர் ஃபாஸ்டர் நட்டுவிட்டுப் போனார். சகோதரர் கொலம் நீர் பாய்ச்சினார். அவர்களுக்கும் முன்னே, டல்லோவின் ஞாயிறு வகுப்பில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் இட்டென் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஒரு மலையுச்சியில் மரங்கள் நிழல் தருமென்று அவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். அவர்கள் செய்ததெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வகுப்புக்கு வந்ததுதான்.

அந்த இரண்டு வகுப்புகளிலும் ஏறக்குறைய முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் நான் ஆலயத்தின் பக்கத்து அறையில் காத்திருப்பேன். தெரிந்தவர்களாய் வரவேண்டாம், தங்கும் மனமுள்ளவர்களாய் வாருங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம பிதாவே, எங்களுக்குக் கற்பித்தவர்களுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். அவர்களில் அநேகர் பலனைக் காணாமலே கடந்துபோனார்கள். எங்கள் பிள்ளைகளைக் கவனிக்கும் கண்களை எங்களுக்குத் தாரும். உடனே விளையாத நிலத்தைவிட்டு ஓடிப்போகாத பொறுமையைத் தாரும். ஓட்டத்தில் களைத்தவர்களையும், தங்கள் வீடுகளிலேயே காயப்பட்டவர்களையும் நீரே தாங்கியருளும். விளையச்செய்கிறவர் நீரே, மகிமை உமக்கே உரியது. இயேசுவின் மூலம் ஜெபம் கேளும், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.